மாமனார் கடை என்று நீங்கள் பெயர் வைத்த சரிவு

இன்று காலை என் தகரப் பெட்டியைத் திறந்தேன். அடியில் கிடந்த பழைய சேலையை உதறியதும் ஒரு கடுக்காய் உருண்டு விழுந்தது. மோந்து பார்த்தேன். வாசனை எப்போதோ போய்விட்டது. மேலே ஓடும் வரிகள் மட்டும் அப்படியே இருக்கின்றன. உங்கள் பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு என்னை மதுரைக்குக் கூட்டிப்போக அண்ணன் வந்து உட்கார்ந்திருக்கிறார். அதற்காகத்தான் பெட்டியைத் திறந்தேன்.

இதே பெட்டியை முன்பும் ஒரு தரம் கட்டினேன், நினைவிருக்கிறதா? அப்போது கல்யாணமாகி, கடல் தாண்டி இலங்கையில் இந்தப் பதுளைக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. நீங்கள் துணி மூட்டையைத் தூக்கிக்கொண்டு தேயிலைத் தோட்டம் தோட்டமாக விற்கப் போய்விடுவீர்கள். துணிக்கடைக்குப் பின்னால் இருந்த ஒற்றை அறையில் மழையைப் பார்த்துக்கொண்டு நான் கிடப்பேன். "தெரிஞ்ச மொகம் ஒண்ணு இல்லை இந்த மலையில. நான் எங்க ஊருக்கே போறேன்" என்று கத்தினேன். பதிலுக்கு நீங்களும் கத்தியிருந்தால் போயே இருப்பேன். "சரி, போ. அதுக்கு முன்னாடி அந்த மலையை ஒரு தரம் ஏறிப் பாத்துட்டுப் போ" என்றீர்கள்.

நமுனுகுல மலைப் பாதையில் உங்கள் அட்டகாசம் தாங்கவில்லை. ஒரு மரத்துக்கும் பெயர் தெரியாது; ஆனால் வாய் மூடாது. துளிர் சிவந்து நின்ற மரம் 'கூறைப்புடவை'. பட்டை உரிந்து நின்றது 'சாயம் போன வேட்டி'. "துணிக்காரனுக்கு வாக்கப்பட்டா மரமும் துணிதான்" என்று முணுமுணுத்துக்கொண்டே ஆளுயர மானாப்புல்லை விலக்கி நடந்தேன்.

காலில் ஏதோ இடறியது. குனிந்து எடுத்தால், கடுக்காய்! மதுரை நாட்டு மருந்துக் கடைக்காரர் மகளுக்கா தெரியாது? கடித்தேன், அதே துவர்ப்பு. அண்ணாந்து பார்த்தேன். பிறந்ததிலிருந்து டப்பாவில் காய்ந்த காயாகவே பார்த்தது, பச்சை இலையோடு பெரிய மரமாக நின்றது. ஐயோ, அதற்கு நிழல்கூட இருந்தது! அதற்கப்பால் சாம்பல் நிற உருண்டைக் காய்களோடு தான்றி. கொஞ்சம் கீழே, பொடி இலைகளுக்குள் காய்த்துத் தள்ளிய நெல்லி. அப்பா தினமும் மூன்று டப்பாக்களிலிருந்து அள்ளி இடித்த திரிபலா, மூன்று மரங்களாக ஒரே சரிவில் நின்றது. யாரும் நடவில்லை, யாரும் தண்ணீர் ஊற்றவில்லை. உடம்பெல்லாம் புல்லரித்து எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

"எங்க ஊர் மரம் இங்க எப்படிங்க வந்துச்சு?"

"வரலைடி இவளே. இங்கேயேதான் இருந்திருக்கு" என்றீர்கள். அன்றைக்கு முதல் தடவையாக உங்கள் பேச்சில் கேலி இல்லை.

வீட்டுக்கு வந்து, கட்டிவைத்த சேலைகளை எடுத்துக் கொடியில் போட்டேன். காலிப் பெட்டிக்குள் ஒரு கடுக்காயைப் போட்டு மூடினேன். நீங்கள் அந்தச் சரிவுக்கு 'மாமனார் கடை' என்று பெயர் வைத்தீர்கள். அதன் பிறகு எத்தனை தை மாதம் அங்கே ஏறினோம்! ஒவ்வொரு தடவையும் எனக்கு அதே புல்லரிப்புத்தான்.

சற்று முன் அண்ணன் கேட்டார்: "மாப்பிள்ளையும் போயிட்டாரு. இங்க உனக்கு இனி யாரு இருக்கா?"

கடுக்காயைப் பெட்டிக்குள் திரும்பப் போட்டு மூடினேன். "நான் வரலைண்ணே. இங்கேயேதான் இருக்கேன்."

தை பிறந்ததும் மாமனார் கடைக்குப் போக வேண்டும். போகிற வழியில் அந்தச் சிவந்த மரம் துளிர்த்திருக்கும். அதைப் பார்த்ததும் 'கூறைப்புடவை' என்றுதான் வாயில் வரும். அதற்கு வேறு பெயர் எனக்குத் தெரியாது.