சாமிக்கு வந்த இருமல்

என் செல்ல அண்ணா,

நீ போய் ஆறு வருஷமாகிறது. நான் இப்போது வேங்கிக்காலில் ஒரு போதை மறுவாழ்வு மையத்தில் வேலை பார்க்கிறேன். சிரிக்காதே. புதிதாகச் சேர வருகிறவர்களிடம் கேள்வி கேட்டுப் படிவம் நிரப்புவதுதான் என் வேலை. முதலில் எதைத் தொட்டீர்கள், எந்த வயதில், அப்புறம் எதற்கு மாறினீர்கள், நடுவில் எப்போதாவது விட்டிருக்கிறீர்களா?

இந்தக் கடைசிக் கேள்வி வந்ததும் நிறையப் பேர் நிமிர்ந்து உட்காருகிறார்கள். "சபரிமலைக்கு மாலை போட்டா தொடவே மாட்டேன் மேடம். நாப்பத்தெட்டு நாளும் சுத்தம்." எனக்கு உன் குரல்தான் கேட்கிறது.

கார்த்திகை பிறந்தால் நீயும் குடியை விட்டுவிட்டுக் கறுப்பு வேட்டியோடு வந்து நிற்பாய். "சாமி, சாப்ட வாங்க" என்று அம்மா பெற்ற பிள்ளையை மரியாதையாகக் கூப்பிடுவாள். "நெனச்சா நிறுத்திடுறான் பாரு, இவனுக்குப் போயி ஆஸ்பத்திரியா?" என்று தெருவெல்லாம் பெருமை வேறு. நானும் தலையாட்டினேன்.

ஆனால் மாலை போட்ட நாட்களில் மட்டும் உனக்கு ஓயாத இருமல். "காலைல பச்சத் தண்ணில குளிக்கிறேன்ல, அதான். மெடிக்கல்ல அந்த மருந்தே வாங்கிட்டு வாடி" என்பாய். குடிதானே தீட்டு, மருந்துக்கு ஏது தீட்டு? "இவ்ளோ ஜாஸ்தியா யாருக்கும்மா?" என்று கடைக்காரர் கேட்பார். "சாமிக்கு" என்பேன். அவர் உடனே எடுத்துக் கொடுத்துவிடுவார்.

மாலையைக் கழற்றியதும் குடி திரும்பி வந்தது. போதை தரும் அந்த இருமல் மருந்தும் நிற்கவில்லை. இரண்டும் சேர்ந்துதான் உன்னைக் கொண்டுபோயின.

நேற்றுக் காலையில் அடி அண்ணாமலையிலிருந்து ஒருவரை அவர் தங்கை கூட்டி வந்தாள். அவரும் மாலைக் கதையைச் சொன்னார். என் வாய் சும்மா இருக்கவில்லை. "அந்த நாள்ல வேற என்ன எடுத்தீங்க?" என்றேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"இருமல் மருந்துதாங்க. நான்தான் வாங்கியாந்து குடுத்தேன்" என்றாள் அவள். படிவத்தில் 'வாங்கித் தந்தவர்' என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதையே பார்த்துக்கொண்டு, "அதுல என் பேர எழுதுவீங்களா? நான் பண்ணது தப்புங்களா?" என்று அழுதாள்.

தப்பு என்றால் நான் யார்? தப்பில்லை என்றால் நீ ஏன் இல்லை? அடப்பாவி, உனக்கு நிஜமாகவே இருமல் இருந்ததா, இல்லை என் தலையில் மிளகாய் அரைத்தாயா? கோபம் பொத்துக்கொண்டு வருகிறது. உடனே, பாவம், அந்தப் பனியில் குளித்தானே என்றும் தோன்றுகிறது. எதை நம்புவதென்றே தெரியவில்லை அண்ணா.

அந்தக் கட்டத்தை அப்படியே விட்டுவிட்டேன். நாளைக்கு அவள் மறுபடி வருவாள். அவளுக்கு இன்னும் அண்ணன் இருக்கிறான். அம்மாவிடம்கூடச் சொல்லாததை, மருந்துக்கடையில் நான் நின்றதை, முதலில் அவளிடம் சொல்கிறேன். உன் மேல் சத்தியம்.

இப்படிக்கு,
உனக்கு மருந்து வாங்கித் தந்த தங்கச்சி,
வசந்தி