ஆவாரஞ்செடியில் போட்ட வளையம்

இன்று மத்தியானம் ஆவாரம்பட்டை ஏற்றி வந்த மாட்டுவண்டி ஒன்று நம் பள்ளிக்கூட வாசலில் அச்சு முறிந்து நின்றுவிட்டது. கட்டுக் கட்டாகப் பட்டை. வெயில் ஏற ஏற அந்தத் துவர்ப்பு வாசனை டிராயிங் வகுப்புக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. ஜன்னலைச் சாத்தப் போனேன், சாத்த மனம் வரவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கீழே நின்ற வண்டிக்காரர், "என்ன சார், நாத்தம் தாங்கலையா? செத்த நேரம் பொறுங்க, வேற வண்டி வந்துரும்" என்றார். வேறு வண்டி வரவே வேண்டாம் என்று இருந்தது எனக்கு.

நீ போய் ஆறு வருஷம் ஆகிறது. உன் சட்டையில் எப்போதும் இருந்த வாசனை அது. உன் அத்தா தோல் பதனிடுகிற ஷாப்பில் பட்டைத் தொட்டிகளுக்குப் பொறுப்பாளர். உங்கள் வீட்டுப் பாய் தலையணையிலிருந்து பிரியாணி வரைக்கும் அந்த வாசனைதான் என்று நான் கேலி செய்வேன். நீ சிரிக்க மாட்டாய். "பாட்டனி படிக்கிறதுக்கு முந்தியே பட்டையத் தெரியும் மாப்ள எனக்கு. ஆனா பட்டை செடிக்கு எதுக்குன்னு எங்க தெருவுல ஒருத்தருக்கும் தெரியாது. தோலைப் பதப்படுத்தத்தான் அல்லா அதைப் படைச்சான்னு நெனச்சுக்கிட்டிருக்காக" என்பாய்.

அந்தத் தெருவுக்காகத்தான் நீ புத்தகம் எழுத உட்கார்ந்தாய். பள்ளியில் நீ பாட்டனி வாத்தியார், நான் டிராயிங் வாத்தியார். பாடமெல்லாம் இங்கிலீஷில் இருந்தது. பையன்கள் வேருக்கும் தண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மனப்பாடம் செய்து ஒப்பிப்பார்கள். ஆனால் கையில் ஒரு உருளைக்கிழங்கைக் கொடுத்து இது வேரா தண்டா என்று கேட்டால் திருதிருவென்று விழிப்பார்கள். செடி எப்படிப் பிழைக்கிறது, எப்படி வளர்கிறது என்று தமிழில் ஒரு சின்னப் புத்தகம். எழுத்து உன்னுடையது, படம் என்னுடையது. பேச்சு அவ்வளவுதான் என்று நான் நினைத்தேன். அப்புறம் நீ ஒரு சட்டம் போட்டாய். "கண்ணால பாக்காத எதையும் வரையக் கூடாது. இன்னொரு புத்தகத்தைப் பாத்து வரைஞ்சேன்னு தெரிஞ்சா தாளைக் கிழிச்சுப்புடுவேன்."

கிழித்தும் இருக்கிறாய். மொச்சை முளைக்கிற படத்தை நான் மனசில் இருந்தபடி போட்டுக் கொடுத்தேன். மறுபேச்சில்லாமல் நாலாகக் கிழித்தாய். பிறகு கண்ணாடி டம்ளரில் மைஒற்றும் தாளைச் சுருட்டி வைத்து, தாளுக்கும் கண்ணாடிக்கும் நடுவில் மொச்சையைச் செருகி, ஒரு வாரம் என்னைத் தினமும் அதன் முன்னால் உட்கார வைத்தாய். முதலில் வேர்தான் வந்தது, கீழே பார்த்து. டம்ளரைத் தலைகீழாகத் திருப்பி வைத்தாய். இரண்டு நாளில் வேர் வளைந்து மறுபடி கீழே திரும்பிவிட்டது. நான் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன். ஆத்தூரில் மூன்று தலைமுறையாகக் கத்தரியும் மொச்சையும் போடுகிற குடும்பம் எங்களுடையது. விதையை எப்படிப் போட்டாலும் வேர் கீழே வழி கண்டுபிடித்துக்கொள்ளும் என்று எங்களில் யாரும் உட்கார்ந்து பார்த்ததில்லை. காசித்தும்பைத் தண்டைச் சிவப்பு மையில் நிறுத்தி, மை நரம்பு நரம்பாக மேலே ஏறியதைக் காட்டினாயே, அன்று எனக்குச் சாப்பாடே இறங்கவில்லை.

சாப்பாடு என்று எழுதிவிட்டேன். அங்கேதான் வந்து நிற்கும் என்று தெரியும்.

மத்தியானம் புளியமரத்தடியில் இரண்டு பேரும் தூக்குவாளியைத் திறப்போம். என் வெஞ்சனத்தில் பாதி உனக்கு, உன் வீட்டு ஆணத்தில், அதுதான் குழம்பில், பாதி எனக்கு. நீ நிம்மதியாகச் சாப்பிட விட்டதில்லை. கத்தரிக்காயைப் பிளந்து, "இது பூவோட சூல்பைடா மாப்ள, அம்புட்டு விதைக்கும் தொட்டில். நீ என்னடான்னா சோத்துல போட்டுப் பிசையுற" என்பாய். வெங்காயம் வேரில்லை, இலை என்பாய். "அப்ப நான் திங்கிறதுல எதுதான்யா நான் நெனைச்சது?" என்று கத்துவேன். உனக்கு அதுதான் வேண்டும்.

கடைசி அத்தியாயம் பட்டையைப் பற்றியது. பொங்கல் கழிந்த வாரம் தோல் ஷாப்புக்குப் பின்னால் இருந்த கரட்டு மேட்டுக்கு என்னைக் கூட்டிப்போனாய். ஆளுயர ஆவாரஞ்செடி ஒன்று, மேலெல்லாம் மஞ்சள் பூ. அடித்தண்டில் நாலு விரல் அகலத்துக்குப் பட்டையை வளையமாகச் சீவி எடுத்தாய். வெள்ளைக் கட்டை தெரிந்தது.

"வேர் உறிஞ்சுற தண்ணி இந்தக் கட்டை வழியா மேல போகும். இலை ஆக்குற சோறு பட்டை வழியாத்தான் கீழ வரும். இப்பத் தண்ணிக்கு வழி இருக்கு, சோத்துக்கு வழி இல்ல. வேர் பட்டினி கிடந்து சாகும். அப்புறம் மேலயும் வாடும். வாடுன செடியப் பாத்து நீ படம் போடணும்."

வளையத்துக்குக் கீழே துளிர் வந்தால் அது வேருக்குச் சோறு போட்டுவிடும், பரிசோதனை கெட்டுவிடும், அதனால் வாரம் ஒருமுறை போய்த் துளிரைக் கிள்ளிவிடச் சொன்னாய். அந்த வேலை எனக்கு. கிள்ளினேன்.

ஒரு மாதம் போனது. செடி ஜம்மென்று நின்றது. இலை பச்சை, பூ மஞ்சள். "என்ன மாப்ள, ஒன் பாடம் தப்பாப் போச்சே" என்று சீண்டினேன். நீ என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாய்: "பச்சையா இருக்குன்னு ஏமாந்துறாத. தண்ணி போற வரைக்கும் வெளிய தெரியாது."

அதற்குள் நோன்பு மாதம் வந்துவிட்டது. நோன்பு வைத்திருப்பவன் முன்னால் வாளியைத் திறப்பது முறையில்லை என்று, வருஷா வருஷம் செய்வதுபோல, அந்த மாதம் நான் டிராயிங் அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிட்டேன். பெருநாள் வந்தது, பிரியாணி வந்தது. பெருநாளுக்கு அடுத்த வாரம் நான் புளியமரத்தடியில் வாளியோடு காத்திருந்தேன். "பெருநாளுக்குப் பின்னாடி வைக்கிற ஆறு நோன்பு மாப்ள, நீ சாப்பிடு" என்றாய். அது முடிந்திருக்க வேண்டிய நாளில், "முன்னால விட்டுப்போன நோன்பு பாக்கி இருக்கு" என்றாய். உன் சட்டைக் காலர் கழுத்தை விட்டு விலகி நின்றது. கன்னம் உள்ளே போயிருந்தது. நான் என்ன நினைத்தேன் தெரியுமா? என்ன பக்தி இவனுக்கு என்று நினைத்தேன். வாளியை எடுத்துக்கொண்டு மரியாதையாக டிராயிங் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். சாத்திய கதவுக்கு அந்தப் பக்கம் நீ பட்டினி கிடந்தாய்.

கடைவீதியில் உன் மனைவியைப் பார்த்தபோது பெருமையாகச் சொன்னேன், "மாப்ள விடாம நோன்பு வைக்கிறாரும்மா."

தங்கச்சி திகைத்துப்போய் நின்றது. "எந்த நோன்புண்ணே? ஆறு நோன்பு முடிஞ்சு பதினஞ்சு நாளாச்சே. தினம் வாளி கட்டிக் குடுக்குறேன். உங்ககூட வயிறு முட்டச் சாப்பிட்டேன்னு சொல்லி ராத்திரிக்குக் கஞ்சித் தண்ணிதானே குடிக்கிறாக?"

நம் இருவருக்கும் நடுவில் இருந்த அந்த ஒரு வேளைச் சோற்றில் உன் நோயை ஒளித்து வைத்திருந்தாய். வாளிச் சோற்றைப் பள்ளித் தோட்டக்காரரிடம் கொடுத்துவிட்டு வெறும் வாளியை வீட்டுக்குக் கொண்டுபோயிருக்கிறாய். தொண்டைக்குக் கீழே கட்டி. தண்ணீர் இறங்கியது, சோறு இறங்கவில்லை. மதுரை டாக்டர், மூன்று மாதம் முன்னால் வந்திருந்தால் பார்த்திருக்கலாம் என்றார். கரட்டில் நின்று அந்தச் செடிக்கு வளையம் போட்டபோதே உனக்குத் தெரியும். டாக்டரிடம் போனால் புத்தகம் நின்றுவிடும் என்று பயந்தாயாம். பாவி, புத்தகம் யாருக்கடா வேண்டும்?

மதுரையிலும் உன் வீட்டிலுமாக உன் கட்டிலருகிலேயே மூன்று வாரம் இருந்தேன். கரட்டுப் பக்கம் போகவில்லை. ஒருநாள் சாயங்காலம் காற்றுப் போன குரலில் கேட்டாய்.

"படம் ஆச்சா?"

"ஆச்சு."

"வாடிருச்சா?"

"வாடிருச்சு மாப்ள. நீ சொன்னது சரிதான்."

"பாத்துத்தானே வரைஞ்ச?"

"பாத்துத்தான்."

"கொண்டா, பாப்போம்."

"நாளைக்குக் கொண்டுவாரேன்."

நீ கண்ணை மூடிக்கொண்டு சிரித்தாய். வாழ்நாளில் உன்னிடம் சொன்ன ஒரே பொய் அது. மறுநாள் விடியும்போது நீ இல்லை.

உன் கபரில் மூன்று கை மண் போட்டுவிட்டு, கையைக்கூடக் கழுவாமல் நேராகக் கரட்டுக்குப் போனேன். இலை முழுக்கக் காய்ந்து சருகாகத் தொங்கியது. கீழே இறங்க வழியில்லாத சோறு தேங்கி, வளையத்துக்கு மேல்பக்கம் பட்டை வீங்கியிருந்தது. ஆனால் மூன்று வாரமாக நான் வராததால், வளையத்துக்குக் கீழே ஒரு துளிர் விட்டிருந்தது. விரல் நீளம், நாலு இலை. கிள்ளக் கை எழவில்லை. அங்கேயே உட்கார்ந்து வரைந்தேன், சருகையும் வீக்கத்தையும் துளிரையும், பார்த்தது பார்த்தபடி. ஒரு வேண்டாத செடிக்குக்கூடக் கீழிருந்து ஒரு வழி இருந்தது. உனக்கு இல்லாமல் போயிற்று. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

கையெழுத்துப் பிரதி என் பெட்டியில்தான் இருக்கிறது. அச்சுக்குக் கொடு என்று தங்கச்சி இரண்டு முறை சொல்லிவிட்டது. இன்று வண்டி போன பிறகு எடுத்துப் பார்த்தேன். கடைசிப் படத்தின் ஓரத்தில் என் கட்டைவிரல் அளவுக்கு உன் கபர் மண் ஒட்டியிருக்கிறது. இந்த மாதம் கொடுத்துவிடுகிறேன்.

மற்றபடி நான் இப்போதும் புளியமரத்தடியில்தான் சாப்பிடுகிறேன், புது பாட்டனி வாத்தியாரோடு. நல்ல பிள்ளை. இப்போது நடப்பது அவருக்கு இங்கே முதல் நோன்பு மாதம். முதல் நாள் "நோன்பு சார்" என்று சொல்லிவிட்டு ஒதுங்கிப் போனார். நான் விடவில்லை. சாயங்காலம் அவர் வீட்டுக்கே போனேன். பள்ளிவாசலில் பாங்கு சொன்னார்கள். அவர் பேரீச்சம்பழத்தை வாயில் போட்டு, மென்று, விழுங்குகிற வரைக்கும் அவர் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன். "என்ன சார் அப்படிப் பாக்குறீங்க?" என்றார்.

"ஒண்ணுமில்லப்பா, இன்னொண்ணு சாப்பிடு" என்றேன்.