சுடப்பட்டவன் எழுதுவது

தங்கச்சிக்கு,

வீடியோ கேமில் என்னைச் சுட நினைத்ததற்காக என் பேத்தியை உன் பள்ளி இடைநீக்கம் செய்தது அநியாயம். தலைமையாசிரியை என்று அந்த உத்தரவில் கையெழுத்துப் போட்டவள் நீ. அதனால் உனக்குத்தான் எழுதுகிறேன்.

மதிய இடைவேளையில் தோழியிடம், "இன்னைக்கு வீட்டுக்குப் போனதும் தாத்தாவை முடிச்சிடுவேன்டி" என்றாளாம். "போன வாரமும் இதையேதான் சொன்னே. கடைசியில அவருதான் உன்னைச் சுட்டாரு!" என்று அந்தப் பெண் சிரித்திருக்கிறாள். உங்கள் ஆசிரியர் காதில் சிரிப்பு விழவில்லை, "முடிச்சிடுவேன்" மட்டும் விழுந்தது. பள்ளி ஆலோசகர் அவளைக் கூப்பிட்டு, "தாத்தா மேல என்னம்மா கோபம்?" என்று கேட்டாராம். பொய் சொல்லத் தெரியாதவள், "கதவுக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கிட்டுச் சுடுறாரு சார்" என்றிருக்கிறாள். அதையும் எழுதிக்கொண்டார்கள்.

கொலையாகப் போகிறவனை ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா? நான் ஒளிந்து விளையாடுகிறவன் என்பது உனக்குத் தெரியாதா? திருடன் போலீஸ் ஆட்டத்தில் கட்டிலுக்கு அடியில் கிடந்த என்னைத் துடைப்பக்கட்டையால் குத்தி, முன்பல்லை உடைத்தவள் நீ. உன்னை எந்தப் பள்ளி வெளியே நிறுத்தியது?

நேற்று கொசு அடிக்கக் கை ஓங்கிய பேத்தி, நான் பார்ப்பதைக் கண்டதும் கையை இறக்கிக்கொண்டாள்.

இனி நடக்கவேண்டியதைச் சொல்கிறேன். நீ, திங்கட்கிழமைக்குள் அந்த உத்தரவைக் கிழித்துப் போடு. ஆலோசகர், அவள் வகுப்பின் முன்னால் மன்னிப்புக் கேட்கட்டும். என் மகன், பீரோவில் வைத்துப் பூட்டிய கேம் பெட்டியை எடுத்துத் தரட்டும். நான், இனிமேல் கதவுக்குப் பின்னால் ஒளியாமல் வெளியே வந்து நிற்கிறேன். அவள் சுடட்டும்.

இன்னும் உயிரோடு இருக்கும்
உன் அண்ணன்