நாலு கோடி இலக்கமும் ஒரு பெயரும்

பிப்ரவரி 9

என் கணக்குச் சிங்கமே, அன்பு மருமகளே,

எவரும் நம்பாத ஒரு கதையைச் சொல்லப்போகிறேன் என்று திருப்புளி மீது ஆணையிட்டுத் தொடங்குகிறேன். உன் மாமா ஒரு பகா எண்ணைப் பிடித்துவிட்டேன்! நாலு கோடி இலக்கம். எழுதி நீட்டினால் பூமியைச் சுற்றிவந்து, மிச்சத்தில் உன் அத்தைக்கு ஊஞ்சல் கட்டலாம். இரண்டை இரண்டால் கோடிக்கணக்கான தடவை பெருக்கி, ஒன்றைக் கழித்தால் வருவது. கணிப்பொறியின் பாஷையில் எழுதினால் தலைமுதல் வால்வரை ஒன்று, ஒன்று, ஒன்றுதான். ஒரு சுழியம் கிடையாது. ஒன்றையும் தன்னையும் தவிர வேறு எதற்கும் மீதியில்லாமல் வகுபடாது. உன் அத்தை முறைத்தாலும் வகுபடாது.

பழுதுபார்க்கக் கொடுத்துவிட்டு யாரும் திரும்பி வராத கணிப்பொறிகளை என் கடையில் ஒன்றாகக் கோத்து ஓடவிட்டேன். அந்தச் சூட்டில் பாதித் தெரு துணி உலர்த்தியது.

கண்டுபிடித்த பொறியே சாட்சி சொல்லக் கூடாதாம். வேறொரு பொறி சரிபார்க்க வேண்டும். பகா எண் தேடுவோர் சங்கத்துக்கு நான் எழுதினால் சிரிப்பார்கள். பல்கலைக்கழகத்தில் நீயே சரிபார்த்து, நம் இருவர் பெயரிலும் அனுப்பு. உன் பெயர் முதலில் இருக்கட்டும்.

இப்படிக்கு,
எண்களின் ஏகச் சக்கரவர்த்தி,
உன் மாமா

மார்ச் 21

அன்புள்ள மாமாவுக்கு,

நலம். அத்தையின் முழங்கால் வலி தேவலையா? எண் சரிதான், பகா எண்தான். சங்கம் நேற்று அறிவித்துவிட்டது. கண்டவர் என்று ஒரே பெயர்தான் போடுவார்களாம். என் வேலை நிரந்தரமாக இது எனக்குத் தேவைப்பட்டது, மாமா. உங்களுக்குப் புகழ் எதற்கு? இதை வெளியில் பேச வேண்டாம். உங்களைத்தான் கேலி செய்வார்கள்.

அன்புடன்,
மருமகள்

ஏப்ரல் 2

மருமகளே,

நீ சொன்னபடியே ஆயிற்று. பக்கத்துக் கடைத் தையல்காரரிடம் வாய்விட்டேன். "ஏம்ப்பா, நிலாவுக்கு ஃபேன் மாட்டப் போனியே, அப்ப கண்டுபுடிச்சதா?" என்றார். கடையே சிரித்தது. நானும் சிரித்துவைத்தேன். எண்ணைச் சரிபார்த்தது போலவே, என் பேச்சுக்கு ஊரில் என்ன மதிப்பு என்பதையும் நீ சரிபார்த்துத்தான் வைத்திருக்கிறாய்.

உன் அத்தை அந்த அறிவிப்பைக் கையில் வைத்துக்கொண்டு, "எங்கங்க உங்க பேரு?" என்றாள். "பொடி எழுத்துல இருக்கு, உன் கண்ணாடிக்குத் தெரியாது" என்றேன். இன்னும் தேடிக்கொண்டிருக்கிறாள்.

அதனால் கதையை மாற்றிவிட்டேன். என் மருமகள் தனியாகவே அந்த எண்ணைப் பிடித்தாள். பதினெட்டுக் குதிரை வண்டியில் ஊர்வலம் விட்டார்கள். அவள் வண்டியிலிருந்து குதித்து ஓடிவந்து, "மாமா, இது உங்களுக்கும்தான்" என்று என் தோளை நனைத்தாள். விடை தெரிந்ததும் முதல் சேதி எனக்குத்தான் அனுப்பியிருந்தாள் என்கிறேன். இதை எல்லாரும் நம்புகிறார்கள்! தையல்காரர் கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்டார்.

அத்தனையும் புளுகு. அந்தக் கடைசித் துண்டு மட்டும் நிஜம், ஆனால் ஆள் வேறு. திரையில் விடை வந்ததும், அடுத்த அறையிலிருந்த உன் அத்தையைக்கூடக் கூப்பிடாமல், முதலில் உனக்குத்தான் எழுத உட்கார்ந்தேன்.

இப்படிக்கு,
உன் அம்மாவின் அண்ணன்