பிஸ்மி சொல்லாமல் போட்ட குழாய்

என் உயிர் தாவூது பாய்க்கு,

இரண்டு தரம் எழுதிக் கிழித்துப் போட்டுவிட்டு மறுபடியும் உட்கார்ந்திருக்கிறேன். கடையில் பாட்டில் கழுவுகிற சத்தம் மண்டையைக் குடைகிறது. எழுந்து போய் ஒரு அதட்டல் போட்டேன், வந்து உட்கார்ந்தேன், திரும்பவும் எழுந்தேன். நீ இருந்தால், "குந்து நைனா, இன்னாத்துக்கு இப்டி அல்லாடிக்கினு கீறே" என்று கேட்டிருப்பாய். கேட்க ஆளில்லாமல்தான் அல்லாடுகிறேன்.

சேதி இதுதான். அடையாறு பங்களாவில் நீ போட்ட குழாயை நேற்று மைமூன் வந்து பார்த்தாள். ஆமாம் பாய், உன் பெண்சாதி மைமூன்தான். நம்புகிறாயா? எனக்கே இன்னும் நம்பிக்கை வரவில்லை.

உனக்குத் தெரிந்த கதையையே உனக்குச் சொல்கிறேன், பொறுத்துக்கொள். சொன்னால்தான் எனக்கு ஆறும். உலகச் சண்டை ஓய்ந்த சமயம். ஊரில் யாரும் வீடு கட்டவில்லை, குழாய் வேலைக்கு உன்னைக் கூப்பிடுவார் இல்லை. அப்போதுதான் என்னிடம் சோடா வாங்குகிற அந்த அடையாறு பங்களாத் துரை ஒரு யோசனையோடு வந்தார். பீர் பீப்பாய் கீழே சமையற்கட்டுப் பக்கத்து அறையில் இருக்கும். அவர் சாயங்காலம் முழுக்க மாடியில் ஆற்றைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். பட்லர் கிளாஸைத் தூக்கிக்கொண்டு படியேறுவதற்குள் நுரை செத்து, பீர் வெந்நீராகிவிடுகிறதாம். தோட்டத்தில் ஒன்று, தாழ்வாரத்தில் ஒன்று, மாடியில் ஒன்று என்று குழாய் வேண்டும், திருகினால் பீர் வர வேண்டும் என்றார். பீரை மேலே தள்ளுகிற கேஸுக்கு நான், குழாய்க்கு நீ.

நீ முதலில் முடியாது என்றாய். அப்புறம் வீட்டில் அடுப்பு எரிய வேண்டுமே என்று ஒப்புக்கொண்டாய். மைமூனிடம் போய்ச் சொன்னபோது நானும் வாசலில்தான் நின்றேன். அவள் கத்தவில்லை, அழவில்லை. "போ. வயித்துக்குத்தானே போறே. ஆனா அந்த வேலைக்கு மட்டும் வாயத் தொறந்து பிஸ்மி சொல்லாதே" என்றாள்.

ஒரு ஆணி அடிப்பதானாலும் அல்லாவின் பேரைச் சொல்லிவிட்டுத்தான் சுத்தியலைத் தூக்குவாய் நீ. அந்த பங்களாவில் மட்டும் வாயை இறுக்கி மூடிக்கொண்டு பையைத் திறந்தாய். எனக்கே பார்க்க என்னவோ போல இருந்தது. செருப்பில்லாமல் வெயிலில் இறங்கினவன் போல நின்றாய்.

தோட்டத்துக் குழாயும் தாழ்வாரத்துக் குழாயும் சமர்த்தாக வந்துவிட்டன. மாடிக் குழாய்தான் நம் மானத்தை வாங்கியது. திருகினால் வெறும் நுரை. எனக்குச் சோடாக்காரன் புத்தி. எங்கள் தொழிலில் சரக்கு சப்பென்று இருந்தால் கேஸைக் கூட்டு, அவ்வளவுதான் வைத்தியம். கூட்டினேன். நுரை ஜாஸ்தியானது. இன்னும் கூட்டினேன். துரையின் வெள்ளைக் கால்சட்டை முழுக்க நுரை அடித்தது. அவர் இங்கிலீஷில் திட்டியது எனக்குப் புரியாமல் போனது கடவுள் புண்ணியம்.

நீ ஓரமாகச் சுவரில் சாய்ந்துகொண்டு, "பிஸ்மி சொல்லாம எடுத்த வேலை நைனா. எப்டி நிக்கும்?" என்றாய். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. வேலையைப் பாரு பாய், வேதாந்தம் பேசாதே என்று எரிந்து விழுந்தேன். நீ குழாய் ஏறுகிற வழியெல்லாம் தொட்டுக்கொண்டே போனாய். தொட்டு என்றால் கையால் இல்லை. உன் உள்ளங்கை காய்த்துப்போய்ச் சூடு குளிர் தெரியாது. எதையும் கன்னத்தை வைத்துத்தான் பார்ப்பாய், பிள்ளைகளுக்குக் காய்ச்சல் பார்ப்பது போல. மேற்குச் சுவரில் கன்னத்தை வைத்தவன் வெடுக்கென்று இழுத்துக்கொண்டாய்.

"கேஸுமில்ல, ஒரு மண்ணுமில்ல. பொழுதுக்கும் வெயில் குடிச்சு செவுரு அடுப்பாட்டம் கீது. பீரு உள்ளயே பொங்கிடுது" என்றாய்.

அன்றைக்கே குழாயைக் கழற்றினாய். பெரிய குழாய் ஒன்றை மூர் மார்க்கெட் பழைய இரும்பில் தேடிப் பிடித்து, அதற்குள் பீர்க் குழாயை நுழைத்தாய். மாடியில் ஒரு புனல். பட்லர் அதில் ஐஸ் தண்ணீரை ஊற்றினால், அது பெரிய குழாய் வழியாகக் கீழே இறங்கும். பீர் அதன் நடுவிலேயே குளிர்ந்துகொண்டு மேலே ஏறும். இறங்கின தண்ணீரையும் வீணாக்காமல் மல்லிகைப் பந்தலுக்கு விட்டாய். இதெல்லாம் எந்த நேரத்தில் யோசித்தாய் பாய்?

பீரை நீ நாக்கில் வைக்க மாட்டாய். அதனால் முதலில் என் பன்னீர் சோடாவை விட்டுப் பார்த்தோம். மாடியில் திருகினாய், நுரையில்லாமல் சரசரவென்று வந்தது. ஒரு கிளாஸ் பிடித்துக் குடித்துவிட்டுச் சிரித்தாயே, அந்தச் சிரிப்பு எனக்கு மறக்காது. பீரை ருசி பார்க்கிற பொறுப்பை நான் ஏற்றுக்கொண்டு, அப்புறம் உன் தோளைப் பிடித்துக்கொண்டு அடையாறு பாலத்தைத் தாண்டினேன். பாலத்து நடுவில் நின்று, "நல்லா வந்திச்சு நைனா. ஆனா இத அவகிட்ட எப்டி சொல்றது?" என்றாய்.

நீ சொல்லவே இல்லை. அந்த மழைக்காலத்திலேயே விஷக்காய்ச்சல் உன்னைக் கொண்டுபோய்விட்டது. மசூதிக் குழாய் அவர் போட்டது, ஆஸ்பத்திரிக் குழாய் அவர் போட்டது என்று மைமூன் பிள்ளைகளுக்குக் காட்டுவாள். அடையாறு பேச்சை எடுத்தால் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். உன் கையிலிருந்து வந்ததிலேயே பெரிய வேலை அது. அதை மட்டும் உன் பெண்சாதி பார்க்கவில்லையே என்று எனக்கு உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருந்தது. ஏன் பாய், இருக்கும்போதே ஒரு நாள் கூட்டி வந்து காட்டியிருக்கக் கூடாதா?

துரை கப்பலேறிவிட்டார். மதுவிலக்கும் வந்துவிட்டது. பங்களாவை தி.நகரில் ஜவுளிக்கடை வைத்திருக்கிற திருநெல்வேலி முதலாளி வாங்கியிருக்கிறார். கிரகப்பிரவேசத்துக்குச் சோடா சொல்ல வந்தவர், குழாயை அறுத்தெறிய ஆள் பார்க்கச் சொன்னார். "பால் காய்ச்சுத வீட்ல பீர்க் குழாய் எதுக்குய்யா?" என்றார். அவர் கேட்டதும் நியாயம்தான். ஆனால் நீ போட்ட குழாயாயிற்றே. கழுவித் தருகிறேன், பன்னீர் சோடா விடுகிறேன், துளி வாடை வந்தாலும் நீங்களே அறுத்துப் போடுங்கள் என்று கெஞ்சினேன். மனுஷன் தாடையைத் தடவிவிட்டுச் சரி என்றார். சலவைச் சோடாவும் வெந்நீரும் மாற்றி மாற்றி ஊற்றி, என் மூக்கே மரத்துப்போகும் வரை முகர்ந்து பார்த்தேன்.

மைமூன் இப்போது தையல் வேலை செய்கிறாள். அந்த முதலாளி கடைக்குத்தான் தைக்கிறாள். பங்களாவுக்குத் திரைச்சீலை தைத்து மாட்டுகிற வேலையும் அவளுக்கே வந்தது. ஒளிக்க மனசில்லாமல், அது அந்த வீடுதான் என்று சொல்லிவிட்டேன். அவள் ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டே இருந்தாள். நேற்றுக் காலை மூட்டையோடு பஸ்ஸில் வந்து இறங்கினாள்.

கீழே கிரகப்பிரவேசத்துக்கு ஒரே கூட்டம். நான் மாடியில் புனலுக்குள் ஐஸ் தண்ணீரை ஊற்றிக்கொண்டிருந்தேன். அவசரத்தில் பாதித் தண்ணீர் என் வேட்டியில். அவள் திரைச்சீலையை மாட்டி முடித்து, குழாயருகே வந்து நின்றாள்.

"இதானா அண்ணே?"

இதுதான் என்றேன். கழுவியாயிற்றா என்று கேட்டாள். கழுவியாயிற்று, இனிமேல் பன்னீர் சோடாதான் என்றேன். அவர் இதில் எதையாவது குடித்தாரா என்று உன்னைப் பற்றிக் கேட்டாள். அவன் குடித்ததும் என் பன்னீர் சோடாதான், வேறு ஒரு சொட்டு அவன் உதட்டில் படவில்லை என்று சொன்னேன். சொல்லிவிட்டு மேல்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன், பாய். எனக்கு வெட்கமாகக்கூட இல்லை.

அவள் முக்காட்டை ஒதுக்கிக்கொண்டு குனிந்தாள். குழாயின் மேல் கன்னத்தை வைத்தாள். நீ வைப்பாயே, அதே மாதிரி. கீழே நாதஸ்வரக்காரர் ஒரு பாட்டை முடித்து அடுத்ததைத் தொடங்கிவிட்டார், அவள் இன்னும் கன்னத்தை எடுக்கவில்லை. கண்ணீர் விட்டாளா, குழாய் வேர்த்த ஈரமா, எனக்குத் தெரியாது.

"ஜில்லுனு கீது" என்றாள்.

அப்புறம் கிளாஸை எடுத்துக் குழாய்க்குக் கீழே பிடித்தாள். திருகின்மேல் கையை வைத்து, வாயைத் திறந்து, எனக்குக் கேட்கும்படியே சொன்னாள்: "பிஸ்மில்லா."

திருகினாள். நுரையில்லாமல் வந்தது. நின்றபடி குடிக்காமல், உங்கள் வழக்கப்படி தரையில் உட்கார்ந்து முழுக்கக் குடித்தாள். கிளாஸைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் படியிறங்கிப் போனாள். உன்னை மன்னித்தாளா, தன்னை நொந்துகொண்டாளா? கேட்க எனக்குத் தைரியமில்லை. அதிலிருந்துதான் இருப்புக்கொள்ளாமல் திரிகிறேன்.

முதலாளி குழாயை அறுக்கவில்லை. தோட்டத்தில் நின்று மூன்று கிளாஸ் குடித்துவிட்டு, இருக்கட்டும்யா என்றார். இனி அந்தக் குழாய் என் பொறுப்பு, பாய். ஒவ்வொரு கோடைக்கும் நானே போய்க் கழுவுவேன். உன் பிள்ளைகளைக் கூட்டிப்போய், இதுவும் அத்தா போட்டது என்று காட்டுவேன். கன்னத்தை வைத்துப் பார்க்காமல் கேஸைத் திறக்க மாட்டேன். நுரை வந்தாலும், சத்தியமாகக் கூட்ட மாட்டேன்.

இப்படிக்கு,
உன் பிள்ளைகளுக்கு மாமன்,
உனக்கு என்றும் நைனா,
மயிலாப்பூர் சோடாக்கடை சண்முகம்