விமான நிலையத்துக்கு எந்த வண்டி?

திருநகர், மதுரை
மார்கழி 8

அன்புள்ள மகன் அழகுராஜாவுக்கு,

அம்மா எழுதுவது. என் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் டாக்டர் சொன்ன இடத்தில் நிற்கின்றன. நீதான் சொன்ன சொல்லில் நிற்கவில்லை. போனில் பேசினால் 'மீட்டிங்' என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தைப் பாதியில் துண்டிக்க முடியாது என்பதால் எழுதுகிறேன்.

உன் வாட்ஸ்அப் செய்தி கிடைத்தது. தமிழை இங்கிலீஷ் எழுத்தில் எழுதும் பழக்கத்தை விடு. கான்வென்டில் எங்கள் சிஸ்டர் இரண்டு மொழியையும் கலக்காமல் எழுதச் சொல்லித்தான் வளர்த்தார்கள். உன் தங்கை மகள் பவதாரிணியின் காதுகுத்துக்கு வர முடியாது, சீருக்குப் பணம் அனுப்பிவிடுகிறேன் என்று எழுதியிருந்தாய். சீரை பேங்க் வழியாக அனுப்பலாம். தாய்மாமன் மடியை எப்படி அனுப்புவாய்? குழந்தையை யார் மடியில் உட்கார வைத்துக் காது குத்துவது?

உனக்கு உன் தங்கை அஸ்வினி மேல் கோபம். நீங்கள் இருக்கும் ஊரின் நகராட்சி தனக்கு வேண்டிய வண்டிகள் அத்தனையையும் ஒரே கம்பெனியிடம் வாங்கப் போகிறது என்று நீ இரண்டு வருஷம் அலைந்தாய். ஆர்டர் நீ வேலை பார்க்கும் ஃபோர்டுக்கு வராமல் அவள் வேலை பார்க்கும் செவர்லேவுக்குப் போய்விட்டது. உன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் நீ பேசியதைக் கேட்டுக்கொண்டு போய்த்தான் அவள் ஜெயித்தாள் என்கிறாய். அந்த மேசையில் நானும் இருந்தேன். அன்று முழுக்க நீ மீன் குழம்பில் புளி போதவில்லை என்பதைத்தான் பேசினாய்.

இருக்கட்டும். கோடையில் அங்கே வந்தபோது உன் கம்பெனியின் தொழிற்சாலையைக் காட்டினாயே, அதை இன்னும் நினைத்துக்கொண்டே இருக்கிறேன். மேலே இருந்த நடைபாதையில் நின்று பார்த்தேன். கீழே ஒவ்வொரு வண்டியும் கதவில்லாமல் வந்தது, கதவோடு போனது. பிரமித்து நின்றேன். மறுவாரம் அஸ்வினி தன் கம்பெனியைப் பற்றிச் சொன்னபோதும் அதே பிரமிப்புதான். நூறு வருஷத்துக்கு மேலாக இந்த இரண்டும் மோதுகின்றன. இவன் ஒரு வண்டி விட்டால் அவன் அதைவிடப் பெரிதாக ஒன்று விடுகிறான். இவனாலும் அவனை முடிக்க முடியவில்லை, அவனாலும் இவனை முடிக்க முடியவில்லை. காலையில் எழுந்ததும் எதிராளி என்ன செய்கிறான் என்றுதான் இரண்டு பேரும் பார்க்கிறார்கள். புருஷன் பெண்டாட்டி கூட ஒருவரை ஒருவர் இப்படி நினைத்துக்கொண்டிருக்க மாட்டார்கள்.

உன் தொழிற்சாலையைப் பார்க்க அன்று அஸ்வினிதான் என்னைத் தன் வண்டியில் கூட்டிவந்தாள். வாசலுக்குப் பக்கத்தில் இடமிருந்தும் கோடியில் போய் நிறுத்தினாள். நீ வேகுவேகென்று வந்து, "அம்மாவ எதுக்கு இம்புட்டு தூரம் நடக்க விடுற? பக்கத்துல நிறுத்துனா ஒன் வண்டிய யாரும் கடிச்சா தின்னுருவாங்க?" என்று கேட்டாய். அதற்கு அவள், "எங்க வண்டி பக்கத்துல நின்னா ஒங்க வண்டிய எவனும் திரும்பிப் பாக்க மாட்டாண்ணே. பாவமேன்னுதான் தள்ளி நிறுத்துனேன்" என்றாள். நீ சிரித்த சிரிப்பில் காவலாளி எட்டிப் பார்த்தார். அந்தச் சிரிப்பை நான் கற்பனை செய்யவில்லையே?

ஊர் விஷயம் ஒன்று. செக்கானூரணியில் உன் மொக்கையன் சித்தப்பா இன்னும் அந்தப் பழைய செவர்லேவைத்தான் வைத்திருக்கிறார். அவர் மச்சான் பால்பாண்டியிடம் ஃபோர்டு. இந்தியாவில் இரண்டு கம்பெனியும் விற்பனையை நிறுத்தி வருஷங்களாகின்றன. சண்டையை மட்டும் இவர்கள் இருவரும் பொறுப்பாக நடத்தி வருகிறார்கள். போன மாத மழையில் ரயில் பாலத்துக்கு அடியில் இடுப்பளவு தண்ணீர். போகாதே என்று எல்லோரும் சொல்லியும் சித்தப்பா வண்டியை உள்ளே விட்டு, நடுவில் மாட்டிக்கொண்டார். பால்பாண்டிதான் கயிறு கட்டி இழுத்து வந்தார். சும்மா இழுத்து வந்தாரா? கடைத்தெருவைச் சுற்றிக்கொண்டு, ஹாரனை விடாமல் அடித்து, "செவர்லேவ ஃபோர்டு இழுத்துட்டு வருது, எல்லாரும் பாத்துக்கங்கப்பா!" என்று கத்திக்கொண்டே வந்தார். பின்னால் வந்த வண்டியின் ஜன்னல் வழியாகச் சித்தப்பா தலையை நீட்டி, "அவன் பயந்து ஓடுறான்யா! நான்தான் வெரட்டிக்கிட்டு வாரேன்!" என்றாராம். கடைத்தெரு அன்று வியாபாரம் பார்க்கவில்லை. வீடு சேர்ந்ததும் இருவரும் ஒரே இலையில் கறிச்சோறு சாப்பிட்டிருக்கிறார்கள். இப்போது உன் சீர்த்தட்டுகளைக் கோயிலுக்கு யார் வண்டியில் கொண்டுபோவது என்று அடுத்த சண்டை.

இனி, இந்தக் கடிதம் எழுத உட்கார்ந்த காரணத்துக்கு வருகிறேன்.

மாப்பிள்ளை விக்ரம் முன்னதாகவே வந்துவிட்டார். வில்லாபுரத்தில் அவருடைய அப்பாவுக்குக் கண் அறுவை சிகிச்சை. ஞாயிற்றுக்கிழமை என்னைப் பார்க்க வந்தவரிடம், அஸ்வினி இப்படிச் செய்திருக்கலாமா என்று நானே கேட்டுவிட்டேன். அவர் நடந்ததைச் சொன்னார்.

அந்த ஆர்டர் பேச்சு தொடங்கிய உடனேயே அஸ்வினி தன் மேலதிகாரியிடம் போயிருக்கிறாள். எதிர்ப்பக்கம் நிற்பது என் அண்ணன், இந்த வேலையில் என்னைச் சேர்க்காதீர்கள் என்று சொல்லி விலகிக்கொண்டாள். அவளுக்குக் கிடைத்திருக்கக்கூடிய மிகப் பெரிய வேலை அது. முடித்துக் கொடுத்தவர் வேறொருவர். பதவி உயர்வும் அவருக்கே போயிற்று. நீ போனில் அத்தனை பேச்சுப் பேசியபோது அவள் வாயைத் திறக்கவில்லை. ஏன் சொல்லவில்லை என்று மாப்பிள்ளை கேட்டதற்கு அவள் சொன்னது இது: "தங்கச்சிகிட்ட தோத்தேன்னு நெனச்சா அண்ணே ரெண்டு மாசம் மொறைக்கும், அப்பறம் அதையே ஊரெல்லாம் பெருமையாச் சொல்லிக்கிட்டுத் திரியும். எவன்கிட்டயோ தோத்தேன்னு தெரிஞ்சா ஒடஞ்சு போயிரும். இருந்துட்டுப் போகுது, விடுங்க."

கையில் இருந்த காபி ஆறிப்போனது எனக்குத் தெரியவில்லை. உன் தொழிற்சாலையைப் பார்த்து நின்றபோதுகூட நான் அப்படி நிற்கவில்லை, ராஜா. சின்னதில் கடைசி முறுக்குக்கு உன் கையைக் கடித்தவள். அவளுக்குள் இவ்வளவு பெரியது எப்போது வளர்ந்தது? பெற்றவள் எனக்கே தெரியாமல் வளர்ந்திருக்கிறது.

அண்ணனிடம் சொல்லக்கூடாது என்று அவள் சத்தியம் வாங்கியது மாப்பிள்ளையிடம். என்னிடம் சத்தியம் வாங்க அவர் மறந்துவிட்டார். ஆகவே நான் எந்தச் சொல்லையும் மீறவில்லை. உனக்குத் தெரிந்ததாக நீயும் காட்டிக்கொள்ளாதே. தங்கையிடம் தோற்ற அண்ணனாகவே வா. அவளைத் திட்டு, அவள் வண்டியைக் கேலி செய். கோயிலில் மட்டும் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொள்.

தை பத்து, காலை முகூர்த்தம். மருமகள் சரண்யாவுக்கு நெய்யச் சொல்லி வாங்கிய புடவை தயாராக இருக்கிறது. மாமா மடியில் உட்கார்ந்தால் வலிக்காதா என்று பவதாரிணி போனில் என்னைக் கேட்டாள். வலிக்காது என்று சொல்லிவிட்டேன். நான் பொய் சொல்வதில்லை என்பது உனக்குத் தெரியும்.

விமான நிலையத்துக்கு எந்த வண்டி வர வேண்டும் என்று மட்டும் எழுது. ஃபோர்டு என்றால் பால்பாண்டி வருவார். செவர்லே என்றால் சித்தப்பா வருவார். நீ பதில் போடாவிட்டால் தை எட்டாம் தேதி காலையிலேயே இரண்டு பேரும் வந்துவிடுவார்கள். ஏதாவது ஒரு வண்டியில் நானும் இருப்பேன். கடைசி விமானம் இறங்கும்வரை அங்கேதான் இருப்பேன்.

நீயும் உன் வீடும் நிறைந்திருக்க வேண்டும் என்று உன் அப்பா படத்தின் முன் நின்று வேண்டிக்கொண்டு முடிக்கிறேன்.

உன் வரவை எதிர்பார்க்கும்
அம்மா
கா. சீனியம்மாள்