குழலியின் குரலை மறுபடி கேட்க வேண்டி

அனுப்புநர்:
திருமதி அமிர்தம் ரத்தினவேல்,
வடக்கு அடையவளஞ்சான் தெரு,
ஸ்ரீரங்கம்.

பெறுநர்:
மாவட்டக் கல்வி அதிகாரி அவர்கள்,
திருச்சிராப்பள்ளி.

பொருள்: மங்கையர் ஒளி பெண்கள் உயர்நிலைப் பள்ளியின் இசை, நாடக வகுப்புக்கு என் மகளை மறுபடி தேர்வு செய்யக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் மகள் மட்டுவார்குழலி மேற்படி பள்ளியில் ஐந்தாம் பாரம் படிக்கிறாள். இவ்வாண்டு சனிக்கிழமைப் பிற்பகல்களில் இசை, நாடக வகுப்பு தொடங்கியுள்ளார்கள். பன்னிரண்டு பேருக்கே இடம். ஆறாம் பாரத்தாருக்கு அனுமதி இல்லை. ஆகவே இந்த ஆண்டை விட்டால் குழலிக்கு இனி வாய்ப்பே கிடையாது.

2. ஜூலை 12-ஆம் தேதி நடந்த தேர்வில் ஆர்மோனிய ஆசிரியர் திரு. ஸ்தனிஸ்லாஸ் எல்லாப் பெண்களையும் ஆறு கட்டைச் சுருதியிலேயே பாட வைத்தார். குழலி பழகியது நாலரைக் கட்டை. மேலே போகப் போக அவள் குரல் நூலாக இளைத்துவிட்டது. "பாட்டு சுத்தமா இருக்கும்மா, ஆனா கடைசி பெஞ்சுக்குக் கேக்கணுமே" என்று ஆசிரியர் என்னிடம் சொன்னார்.

3. வள்ளிக்கண்ணு என்ற மாணவிக்கு இடமும் கிடைத்தது, வகுப்பு போடும் நாடகத்தில் ராணி வேடமும் கிடைத்தது. ஜீயபுரத்திலிருந்து பஸ்ஸில் வருகிற பெண். சங்கீதம் கற்றதே இல்லை. வயலில் குருவி விரட்டிப் பழகிய தொண்டை. இரண்டு இடத்தில் தாளம் தப்பியதை நான் எண்ணிக்கொண்டிருந்தேன். ஆனாலும் அவள் வாயைத் திறந்ததும், விசிறிக்கொண்டிருந்த தாய்மார்கள் கையை நிறுத்தினார்கள். நானும் நிறுத்தினேன். அதற்காக அந்தப் பெண்ணை இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

4. இடம் கிடைக்காத குழலிக்கு அந்த நாடகத்தில் கொடுத்த வேலை திரைக்கயிறு இழுப்பது. அவள் முகம் கோணாமல் இழுக்கிறாள். சென்ற வாரம் பஸ் நிற்கும் இடத்தில் வள்ளிக்கண்ணு என்னிடம் வந்து, "ராணி பாட்டெல்லாம் குழலிக்குத் தலைகீழாத் தெரியும்மா. நான் மறந்தா அவதான் எடுத்துக் குடுக்குறா. சத்தம்தான் வரமாட்டேங்குது" என்றாள். நல்ல மனதோடுதான் சொன்னாள். எனக்குத்தான் இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

5. தலைமையாசிரியை அம்மாளிடம் முறையிட்டேன். "பொறாமைக்கு நான் மருந்து கொடுக்க முடியாதுங்க" என்றார். பொறாமை இல்லை என்று தங்களிடம் பொய் எழுத மாட்டேன். இண்டர்மீடியட் படிக்கையில் கல்லூரியில் பாட்டுக்கு முதல் பரிசு வாங்கியவள் நான். அந்த வெள்ளிக் கிண்ணத்தில் இப்போது குங்குமம் வைத்திருக்கிறேன்.

6. இம்மனுவை மூன்று வாரம் தாமதித்ததற்குக் காரணம், இதுவரை நான் யாரிடமும் சொல்லாத ஒன்று. குழலிக்குப் பாட்டு சொல்லிக்கொடுத்தது நான்தான். அவளுக்குப் பள்ளி இல்லாத நாட்களில் எனக்கு ஓய்வு பிற்பகல் இரண்டு மணிக்கு. என் மாமனார் அடுத்த அறையில் உறங்கும் நேரமும் அதுவே. அதனால் சுருதியையும் தாழ்த்தி வைத்தேன். அவள் குரல் எழும்பினால் உள்ளங்கையைக் கீழே காட்டுவேன், அவள் அடக்கிக்கொள்வாள். ஆறு ஆண்டுப் பழக்கம். தேர்வு நடந்ததும் பிற்பகல் இரண்டு மணிக்கு. நான் முதல் வரிசையில் இருந்தேன். மேல் ஸ்தாயியில் குழலியின் குரல் ஒரு கணம் கணீரென்று எழுந்தது. அப்போது, ஐயா, என் கை தானாகக் கீழே காட்டிற்று. அவள் என்னைப் பார்த்தாள். உடனே அடக்கிக்கொண்டாள்.
வள்ளிக்கண்ணுவின் தாய் அன்று வரவில்லை. ஊரில் நடவாம்.

7. ஆகவே குழலியை அவளுக்கேற்ற சுருதியில் இன்னொரு முறை பாட வைத்துக் கேட்கும்படி பள்ளிக்கு உத்தரவிட வேண்டுகிறேன். இதற்காக வள்ளிக்கண்ணுவின் இடத்தில் கை வைக்க வேண்டாம். பதின்மூன்றாவது இடம் ஒன்று போதும். தேர்வின்போது பெற்றோர் யாரையும், முக்கியமாக என்னை, உள்ளே விடக்கூடாது என்றும் அந்த உத்தரவிலேயே எழுதிவிடுங்கள். நான் வெளிவாசலில் நிற்கிறேன். அவள் குரல் அங்கே வரை கேட்டால் எனக்குப் போதும்.

தங்கள் உத்தரவை எதிர்நோக்கும்,
அமிர்தம் ரத்தினவேல்

இடம்: ஸ்ரீரங்கம்
நாள்: 4-8-1958